மணிக்கு ஏழு ரியால்

ரூவியில், பணம் அனுப்பும் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
மாதம் பிறந்தால் கீழே வரிசை தெருவரை நிற்கும்.
மேலே வருகிறவர்கள் தனித்தனியாக வருவார்கள்.
லிஃப்டில் தெரிந்த முகம் இருந்தால்
மூன்றாம் மாடிப் பல் டாக்டருக்கு என்று பட்டனை அழுத்திவிட்டு
படி வழியாக இறங்கி வருவார்கள்.

எனக்கு மொழிபெயர்ப்பு வேலை.
மணிக்கு ஏழு ரியால், ரசீதோடு.
முதல் நாளே ஜுலைஹா மேடம் சொல்லிவிட்டார்:
'அவர் சொல்கிறார்' என்று இழுக்கக் கூடாது.
அவர் நான் என்றால்
நீயும் நான்.

மேடத்தின் அறையில் தாள்கள் உண்டு.
என்ன நடந்தது, என்ன நினைத்தீர்கள்,
வேறென்ன நினைத்திருக்கலாம்: மூன்று கட்டம்.
நான்கு மாதமாய்ச் சம்பளம் வராத பிளம்பர் ஒருவர்
மூன்றாவது கட்டத்தில் மீன் வரைந்தார்.
மேடம் சிரிக்கவில்லை. என்ன மீன் என்று கேட்டார்.
விளமீன்.
தாளைத் திருப்பி, பின்பக்கம்
தொழிலாளர் அலுவலக நம்பரை எழுதிக் கொடுத்தார்.

பெர்பெத்துவா அக்கா எதையும் எழுதுவதில்லை.
தமிழ் தெரியும், நான் தேவையில்லை.
சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்பதெல்லாம்
நெடுநேரம் ஒரு வீட்டுவேலைக்காரப் பெண்ணின் மூக்குறிஞ்சல்,
நடுவே, தாழ்ப்பாள் போடாத கதவு மாதிரி,
"பிறகு?"

இத்ரீஸ் சூடான்காரர்.
எதிரெதிரே உட்கார்ந்தால் போலீஸ் விசாரணை என்பார்.
குளிர்காலத்தில் மொட்டைமாடியில் நடத்துவார்,
மே வந்தால் கார்கள் நிற்கும் அடித்தளத்தில்.
நான் அரை எட்டுப் பின்னால்.
எனக்கு முழங்கால் வலி. யாரும் கேட்டதில்லை.

பால்துரையை சோஹார் துறைமுகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள்.
ஷிஃப்ட் முடிந்தும் நாலு மணி நேரம்
கிரேனை விட்டு இறங்கவில்லையாம்.
கம்பெனிக்கு ஒரு காகிதம் வேண்டும்.

பதினான்காம் தூணருகே வாயைத் திறந்தார்:
"மேல சத்தமே இல்ல சார்.
எறங்குனா ரூம்ல பன்னெண்டு பேரு, பன்னெண்டு போனு.
பதினோரு நாளா தூங்கல.
நெஞ்சுக்குள்ள ஏசி ஓடுற மாதிரி ஒரு இரைச்சல்.
சுவிட்ச் எங்கனன்னு தெரியல."

இரைச்சலுக்கு ஆங்கிலத்தில் மூன்று சொல் தெரியும்.
மூன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன்,
ஒன்றிலும் ஏசி ஓடவில்லை.
சுவிட்ச் மட்டும் அப்படியே கிடைத்தது.

நான் தூங்கவில்லை, என்றேன்.
நான் பதினோரு நாளாகத் தூங்கவில்லை.
விதிப்படி சரியான வாக்கியம்.
அடுத்தது வரவில்லை.

எங்கோ ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்துக் கத்தியது.

மூன்று வருடமாய் நான் சொன்ன நான்கள்
(மனைவி போனை எடுக்காத நான்,
மகனின் குரலை அடையாளம் தெரியாத நான்,
மாத்திரைகளை எண்ணி வைத்த நான்)
ஒருவரும் ஊர் போய்ச் சேரவில்லை.
என் அறையில்தான் படுத்திருக்கிறார்கள்.
கால் நீட்ட இடமில்லை.

இத்ரீஸ் எதுவும் கேட்கவில்லை.
நடையை மட்டும் குறைத்தார்,
நான் பக்கத்தில் வந்து சேரும்வரை.

"நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா சார்?"
பால்துரை என்னைப் பார்த்துக் கேட்டார்.
அதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

இத்ரீஸ் காகிதத்தில் எழுதினார்: அறையை மாற்றுங்கள்.
கம்பெனி கிரேனை மாற்றியது.
பால்துரை அடுத்த வாரமும் வந்தார்,
இந்த முறை காகிதம் கேட்காமல்.

நடந்து முடித்து அறைக்குத் திரும்பினோம்.
எப்போதும் இரண்டு தம்ளர் இருக்கும் மேசையில்
மூன்று.
இத்ரீஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
வெளியே மலை, புல் முளைக்காத மலை.

எனக்குத் தாகமில்லை.
குடித்தேன்.
தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.